முதல் வளைவில் உட்கார்ந்தவர்கள்

முதலாவது, வீடியோ கேம் ஆலை கட்ட வெள்ளைப்பாறைப் புளியந்தோப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஒரு வேலை தருவதாகச் சொன்னவர்கள், தெருவுக்கு ஒரு வேலைகூடத் தரவில்லை. இரண்டாவது, வேலை கிடைத்த இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பித்தளையில் டோக்கன் அடித்துக் கொடுத்து, கழிப்பறைக்குப் போகும்போது அதைக் கதவில் மாட்டச் சொல்லி, நான்கு நிமிடம் தாண்டினால் மணி அடித்தார்கள். மூன்றாவது, வீடியோ கேம் கேசட்டின் மேல் நீர்யானையின் முகத்தை ஒரு நூல் கோணலாக ஒட்டிவிட்டான் என்று, அதே முகத்தை மூக்கையாவின் நெற்றியில் ஒட்டி, ஒரு ஷிப்டு முழுக்க அவனைக் கொடிக்கம்பத்தடியில் நிற்க வைத்தார்கள். அது வெளிநாட்டுப் பொம்மைப் படத்திலிருந்து உரிமம் வாங்கி வந்த முகமாம், கோணினால் வழக்கு வருமாம், மூக்கையாவின் முகத்துக்கு உரிமம் ஏதும் இல்லையாம். நான்காவது, நாங்கள் செய்த கார்ப் பந்தயத்தை நாங்கள் விளையாடக் கூடாது என்று சட்டம் வைத்தார்கள். சோதனைப் பிரிவுப் பெண்கள் ஒவ்வொரு கேசட்டையும் பதினோரு நொடி ஓடவிட்டு, கார்கள் முதல் வளைவைத் தொட்டதும் அணைத்துவிட வேண்டும், பன்னிரண்டாவது நொடி திருட்டு. ஐந்தாவது, சங்கத்தைப் பதிவு செய்யக் கையெழுத்துப் போட்ட ஏழு பேரையும் வேறு மாநிலக் கிளைக்கு மாற்றினார்கள். அந்த மாநிலத்தில் கிளையே இல்லை. ஆறாவது, போகியன்று கதவை அடைத்தார்கள். ஏழாவது, ஓட்டுப் போட நாங்கள் வரிசையில் நின்ற நாளில் இயந்திரங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எட்டாவது, வழக்கை இருபத்திரண்டு ஆண்டு இழுத்து, ஆலையே இல்லாத இடத்தில் ஆலைத் தொழிலாளி எப்படி இருக்க முடியும் என்று கேட்டுக் கோப்பை மூடினார்கள்.

இந்த வரிசையில் யாரும் கை வைக்கக் கூடாது. எது முன், எது பின் என்று தெரியாமல் பேசுகிறவர்களால்தான் எங்கள் போராட்டம் பாதி கெட்டது. இந்த எட்டும் நடந்து முடிந்து, எங்களில் பாதிப் பேருக்குத் தலை நரைத்து, மீதிப் பேர் கல்லறைக்கும் சுடுகாட்டுக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் கார்கள் நின்றன.

திண்டுக்கல் பக்கம் அந்த வருடம் ஐப்பசி மழை பதினேழு நாள் விடாமல் பெய்தது. பதினெட்டாம் நாள் காலையில் ஆலையின் சரக்குக் கிட்டங்கிச் சுவர் தானாக விழுந்தது. உள்ளே, கடைசியாகக் கட்டி, அனுப்பப்படாமல் நின்றுபோன அறுபத்தொரு வீடியோ கேம் பெட்டிகள் தெர்மாகோலுக்குள் துளி ஈரம் படாமல் இருந்தன. ஆளுக்கொன்றாக எடுத்துக்கொண்டு தொழிலாளர் குடியிருப்புக்கு வந்தோம். அதைத் திருட்டு என்று சொல்லக்கூடிய முதலாளி இப்போது எந்த நாட்டில் இருக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது.

எங்கள் வீடுகளில் அரசு இலவசமாகக் கொடுத்த பழைய கலர் டிவிகள் இருந்தன. அவற்றின் பின்னால் இந்தப் பெட்டியின் வயர் சரியாகப் பொருந்தியது. முதலில் மாட்டியது ரோசாலி. சோதனைப் பிரிவில் வேலை பார்த்தவள், இப்போது ஜாக்கெட் தைக்கிறாள், வாயைத் திறந்தால் தெருவே சிரிக்கும், சில நேரம் தெருவே அழும்.

"இந்தச் சனியன ஒரு நாளைக்கு நானூறு தடவ ஸ்டார்ட் பண்ணிருக்கேன்" என்றாள். "வளைவுக்கு அங்கிட்டு என்னதான் இருக்குன்னு பாத்துட்டுத்தான் நான் சாவேன்."

கேசட்டின் வாயில் ஊதி, பெட்டியில் சொருகி, ரிமோட்டைப் பிடித்தாள். பொம்மைப் படத்து மிருகங்கள் கார்களில் ஏறின. வெளிநாட்டுப் பெயர்கள் எங்கள் வாயில் நுழையாததால் அந்தக் காலத்திலேயே நாங்கள் வேறு பெயர் வைத்திருந்தோம்: தொப்பை பெருத்த நீர்யானை சூப்பர்வைசர், சேவல் டைம்கீப்பர், கண்ணாடி போட்ட கீரி வக்கீல். கார்கள் சீறிக் கிளம்பின, பாட்டு வந்தது, பனைமரம் போன்ற ஏதோ மரங்கள் பின்னால் ஓடின, பதினோராவது நொடியில் முதல் வளைவு வந்தது, அங்கே எல்லாக் கார்களும் நின்றன. நீர்யானை கதவைத் திறந்து இறங்கியது. சேவல் இறங்கியது. கீரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இறங்கியது. ஒவ்வொன்றாக இறங்கி, சாலையின் குறுக்கே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டன.

ரோசாலி ரிமோட்டில் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்த்தாள். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டு, வாசலுக்கு வந்து, எதிர்வீட்டு மூக்கையாவிடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"என் வீட்ல உக்காந்துட்டாய்ங்க."

"என் வீட்லயுந்தான்" என்றான் மூக்கையா. அவன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன், கைக்கு வண்டி பேசும் என்று பெருமை அடிப்பவன். "நானுந்தான் ஆரன் அடிச்சுப் பாத்தேன். அந்தச் சூப்பர்வைசர் என்னய ஒரு பார்வ பாத்தான் பாரு, அந்தக் காலத்துப் பார்வ."

மாலைக்குள் அறுபத்தொரு வீட்டிலும் உட்கார்ந்துவிட்டார்கள். வயரைப் பிடுங்கினாலும் படம் போகவில்லை, மின்சாரம் போனபோதும் போகவில்லை, வேறு சேனல் வரவில்லை.

வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் வாயைப் பிளப்பார்கள். எங்கள் ஊரில் யாரும் பிளக்கவில்லை. உட்கார்ந்திருக்கிறவர்களைப் பார்த்தால் என்ன செய்ய வேண்டும் என்று எங்களுக்குத் தெரியும், நாங்கள் ஆலை வாசலில் பதிமூன்று மாதம் உட்கார்ந்தவர்கள். அன்றைக்கே டிவிகளின் முன்னால் டீ வைத்தார்கள். மறுநாள் டிவிகளின் மேல் வெயில் படாமல் சேலையைக் கட்டிச் சின்னப் பந்தல் போட்டார்கள். மூன்றாம் நாள் மூக்கையா காலைப் பத்திரிகையை வீடு வீடாகப் போய்ச் சத்தமாக வாசித்துக் காட்டினான், விளையாட்டுப் பக்கத்தை மட்டும் அவர்கள் மனம் புண்படும் என்று விட்டுவிட்டான். நீர்யானை நாளுக்கு நாள் மெலிந்தது, அதைப் பார்த்துப் பெண்கள் வாழைப்பழத்தை உரித்துத் திரையருகே நீட்டினார்கள், அது தலையை ஆட்டி மறுத்தது. கல்யாணப் பத்திரிகை வைப்பவர்கள் அவர்களுக்கும் ஒன்று வைத்தார்கள். கோயில் கொடைக்கு ஒலிபெருக்கி கட்டியவர்கள் அவர்களுக்குத் தலைவலி வருமே என்று சத்தத்தைக் குறைத்தார்கள். ரிமோட்டில் ஸ்டார்ட் பொத்தானை அழுத்துவது மானங்கெட்ட செயல் ஆயிற்று. திருப்பூரிலிருந்து விருந்துக்கு வந்த ஒரு மாப்பிள்ளை விவரம் தெரியாமல் அழுத்திவிட, அவருக்கு ஒரு வாரம் யாரும் பந்தியில் இலை போடவில்லை, பேச்சும் கொடுக்கவில்லை, அவர் மாமியார் வீட்டுப் பின்வாசல் வழியாகப் போய்ப் பஸ் ஏறினார்.

எனக்கு அந்த மாப்பிள்ளையைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் பெயர் பரமானந்தம். வெள்ளைப்பாறை ஆலைத் தொழிலாளர் சங்கத்தின் செயலாளர், ஆலை போன பிறகும் செயலாளர். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. மேடைக்கடியில் விற்ற சிறு வெளியீடுகளைப் படித்துத்தான் எழுதக் கற்றேன். போராட்டக் காலத்தில் நான் எழுதிய முப்பத்திரண்டு துண்டறிக்கைகளில் ஒரு தேதி தப்பில்லை, ஒரு ஊர்ப்பெயர் தப்பில்லை என்று நிர்வாகத்தின் வக்கீலே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டான். கதவடைப்பின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு அந்த முப்பத்திரண்டையும் ஒரே புத்தகமாகப் போடச் சங்கம் முடிவு செய்து, திண்டுக்கல் அச்சகத்திலிருந்து மெய்ப்புத் தாள்கள் என் கைக்கு வந்திருந்தன. கார்கள் நின்ற நாளில் நான் பதினான்காவது அறிக்கையில் நின்றுகொண்டிருந்தேன். அதைத் திருத்தவும் இல்லை, தாண்டிப் போகவும் இல்லை.

உட்கார்ந்தவர்களுக்குக் கோரிக்கை என்ன என்று யாருக்கும் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்னிடம்தானே வருவார்கள். வந்தார்கள். நான் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பத்துக் கோரிக்கை எழுதினேன்: உரிம முறை ஒழிக, பந்தயத்துக்கு நேர வரம்பு வேண்டும், தோற்றவருக்கும் ஓய்வு வேண்டும், இப்படி. ரோசாலி வீட்டு டிவியின் முன்னால் நின்று கணீரென்று வாசித்தேன். ஐந்தாவது கோரிக்கை வரும்போது சேவல் கொட்டாவி விட்டது. ஏழாவதில் எல்லோரும் எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தார்கள்.

"தோழரே, நீங்க ரொம்ப நீட்டமா எழுதிட்டீக" என்றான் மூக்கையா.

முப்பது ஆண்டில் எனக்கு முதுகைக் காட்டிய தொழிலாளி கிடையாது. அன்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடப் பிடிக்கவில்லை.

தொழிலாளர் துறைக்கு மனுப் போட்டோம். ஒரு அம்மையார் ஜீப்பில் வந்தார், கையில் படிவம். திரையை ஒரு முறை பார்த்தார், தலையசைத்தார், நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

"தகராறு இருக்குன்னு எனக்குத் தெரியுது சார். ஆனா வேலையளிப்பவர் பெயர்னு ஒரு கட்டம் இருக்கு. அதை நிரப்பாம நான் பேச்சுவார்த்தைக்குத் தேதி போட முடியாது. இவங்களுக்கு யார் முதலாளி?"

படம் எடுத்த வெளிநாட்டுக்காரனா, உரிமம் வாங்கிய உள்நாட்டுக்காரனா, பெட்டி செய்த ஆலையா என்று நான் ஒவ்வொன்றாகச் சொல்ல, அவர் ஒவ்வொன்றுக்கும் உதட்டைப் பிதுக்கினார்.

"அவங்க யாரும் இப்ப இவங்களை ஓடச் சொல்லலையே சார். ஓடு, நில்லுன்னு உத்தரவு போடுறது யாரு?"

ரோசாலி தன் கையிலிருந்த ரிமோட்டைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். அறையில் இருந்த எல்லோரும் அவரவர் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

அன்று செயற்குழுவில் பெரிய குழப்பம். ரிமோட்டைப் பிடித்திருப்பவன்தான் முதலாளி என்றால், நாங்கள் அறுபத்தொரு பேரும் முதலாளிகள், நாங்கள் எங்களுக்கு எதிராகவே கோரிக்கை எழுதிக்கொண்டிருக்கிறோம். உழைப்பாளி என்று பிறந்து உழைப்பாளி என்றே சாகப்போகிற நான் எந்த நொடியில் கட்சி மாறினேன்? சிறு வெளியீடுகளில் இதற்கு விடை இல்லை, எல்லாவற்றையும் மறுபடி புரட்டிவிட்டேன்.

"அப்ப நான் முதலாளியா தோழரே?" மூக்கையா தன் காக்கிச் சட்டையின் கிழிசலைத் தூக்கிக் காட்டினான். "ஒரு நல்ல சட்டகூட இல்லாமலா இம்புட்டு நாளா முதலாளியா இருந்துருக்கேன்?"

எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. புரியவில்லை என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்: எனக்குப் புரியவில்லை. அவர்கள் யாருக்கு எதிராக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் நாங்களா, அவர்களுக்கு எதிரி நாங்களா, ஒன்றும் புரியவில்லை.

கண்டுபிடித்தவள் ரோசாலி. தையல் மிஷினில் உட்கார்ந்துகொண்டே தினமும் அவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு காலை ஏழரைக்கு வந்து என்னையும் மூக்கையாவையும் கூட்டிக்கொண்டு போய்த் திரையின் முன்னால் உட்கார வைத்தாள்.

"எட்டு மணிக்குப் பாருங்க. பேசாம பாருங்க."

எட்டு மணி ஆனதும் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வரிசையாக நின்றார்கள். நீர்யானை கையைத் தூக்கி இறக்கியது. சேவல் தூக்கி இறக்கியது. கீரி தூக்கியது. ஆமை தூக்கியது. அதற்குப் பிறகு யாரும் கை தூக்கவில்லை. ஒரு ஆள் தன் எண்ணைச் சொல்லிமுடிக்கிற நேரம் அப்படியே நின்றார்கள். அதன் பிறகு கரடியும் நரியும் முயலும் ஒவ்வொன்றாகக் கை தூக்கி இறக்கின. திரும்ப உட்கார்ந்துகொண்டார்கள்.

"கேசட்டு மேல எட்டு மூஞ்சி ஒட்டிருக்கோம்" என்றாள் ரோசாலி. "எண்ணிப் பாருங்க, இங்க ஏழுதான். அஞ்சாவது காரு, அந்த ஊதாக் காரு, ஆளில்லாம நிக்குது. கொக்கக் காணோம். கேசட்டு பழுதுன்னு நெனச்சோம். பழுது இல்ல. இது நம்ம ஆலக் கேட்டு."

மூக்கையா துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

இதை விளக்க வேண்டும். கதவடைத்த நாட்களில் நாங்கள் தினமும் காலை எட்டு மணிக்கு ஆலை வாசலில் வரிசையாக நின்று, அவரவர் டோக்கன் எண்ணைச் சத்தமாகச் சொல்வோம். நாங்கள் வேலைக்குத் தயார், நீதான் கதவைத் திறக்கவில்லை என்பதற்கு அது சாட்சி. கூப்பிடுகிறவன் கிடையாது, ஒன்று, இரண்டு, மூன்று என்று வரிசை தானாகப் போகும். மூன்று நாள் தொடர்ந்து எண் சொல்லாதவர் பெயர் வெட்டப்படும், வெட்டப்பட்ட பெயரை ஊரில் யாரும் வாயால் சொல்லக் கூடாது என்று தீர்மானம். அதை எழுதியதும் நான்தான். அந்தப் பதிமூன்று மாதத்தில் ஒரே ஒரு பெயர் வெட்டப்பட்டது. நாற்பத்தொன்றாம் நாள் அவள் ஆலையின் பின்வாசல் வழியாக உள்ளே போனதை இரண்டு பேர் பார்த்தார்கள், மூன்று நாள் அவள் வாசலுக்கு வரவில்லை, உள்ளே உற்பத்தி லைன் ஓடும் சத்தம் கேட்டது. நான்காம் நாள் காலையில் பதினான்காவது அறிக்கை வெளிவந்தது, படத்துடன். 'விலைபோன கருங்காலி' என்று தலைப்பு. அதற்குப் பிறகு வாசலில் முப்பத்தாறு சொன்னதும் வரிசை ஒரு எண்ணின் நேரம் நிற்கும், யாரும் சொல்லித்தரவில்லை, தானாக நிற்கும், பிறகு முப்பத்தெட்டு தொடரும். முப்பத்தேழைச் சொல்ல யாரும் இல்லை. தீர்மானப்படி நான் இந்தப் பக்கங்களில்கூட அவள் பெயரை இதுவரை எழுதவில்லை.

ரோசாலி ஒரு பிளாஸ்டிக் பையை என் முன்னால் கவிழ்த்தாள். பெட்டிகளுக்குள் தெர்மாகோலோடு கிடந்த சின்னச் சீட்டுகள், எல்லோரும் குப்பையில் போட்டவை.

"சோதிச்சவர் டோக்கன் நம்பர் பாருங்க. அறுவத்தொன்னுலயும் முப்பத்தேழு, தேதியும் கதவடைச்சதுக்குப் பொறவு. அந்த மூணு நாள்ல அவ சோதிச்ச கேசட்டுதான் இது பூராவும். உள்ள போயி வேல பாத்தா, அது நெசம். ஆனா ஏன் போனான்னு எனக்கு இருவத்தஞ்சு வருசமா உறுத்திக்கிட்டே இருக்கு. எம் பக்கத்து ஸ்டூல்ல உக்காந்தவ. சோத்துல உப்புக் கொறஞ்சாக்கூட எங்கிட்டச் சொல்றவ. ஏன் போனா தோழர்? உங்களுக்குத் தெரியுமா?"

எனக்குத் தெரியும்.

அறிக்கை வெளிவந்த மறுநாள் அவள் சங்க அலுவலகத்துக்கு வந்தாள். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை, நின்றுகொண்டே சொன்னாள். ஆலை விடுதியில் பயிற்சிக்கென்று ராமநாதபுரம் பக்கமிருந்து கூட்டி வந்த ஐந்து சிறுமிகளைப் பூட்டி வைத்து லைன் ஓட்டுகிறார்கள், பின்சுவர் ஜன்னல் வழியாக அவர்கள் அழுதது கேட்டது, ஒருத்திக்குக் காய்ச்சல் கொதித்தது. வேலைக்குத் திரும்புகிறேன் என்று பொய் சொல்லி உள்ளே போய், மூன்று நாள் அவர்களோடு லைனில் உட்கார்ந்து, நான்காம் நாள் விடியலில் ஐந்து பேரையும் சுவர் ஏற்றி இறக்கி, பரமக்குடிப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு வந்திருக்கிறாள். யாரிடமாவது சொன்னால் காவலாளிக்குத் தெரிந்துவிடும் என்று சொல்லாமல் போயிருக்கிறாள். நான் கேட்டுக்கொண்டேன். "செயற்குழுவில் வைக்கிறேன்" என்றேன். வைக்கவில்லை. ஒரு அறிக்கை பொய் என்று நாமே சொன்னால், மற்ற பதிமூன்றும் பொய் என்று நிர்வாகம் சொல்லும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் மாதம் அது உண்மையான காரணம். அதற்குப் பிறகு அது வெறும் பழக்கம். அவளும் அவள் அம்மாவும் ஊரை விட்டுப் போனார்கள்.

"தெரியும்" என்றேன் ரோசாலியிடம். சொன்னேன்.

அவள் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். தையல் மிஷினின் சக்கரத்தைக் கையால் நிறுத்தி, அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாண வீட்ல அவளப் பாத்துட்டு நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன் தோழர்" என்றாள். "உங்க நோட்டீச நம்பி."

மூக்கையா ஷேர் ஆட்டோவை எடுத்தான். மூன்று பேரும் வடமதுரை தாண்டி ஒரு ஊராட்சிப் பள்ளிக்குப் போனோம். அவள் அங்கே சத்துணவு சமைக்கிறாள் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, யாரும் சொல்லிக்கொள்ளாமலே தெரிந்திருந்தது. பெரிய அலுமினியச் சட்டியில் சாம்பாரைக் கிண்டிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது. எங்களைப் பார்த்தும் கரண்டியை நிறுத்தவில்லை.

ரோசாலிதான் முதலில் போனாள். "ஏடி" என்றாள், அதற்கு மேல் வரவில்லை. அவள் கையைப் பிடிக்கப் போனாள், கரண்டியைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேரும் சேர்ந்து சாம்பாரைக் கிண்டினார்கள்.

மூக்கையா கார்கள் நின்ற கதையைச் சொன்னான். அவள் ஆச்சரியப்படவில்லை.

"வளைவுலயா? பாவம், அதுக்கு மேல ஓடிப் பழக்கமில்ல. நீர்யானை எளச்சுட்டானா? கூழ் குடுத்துப் பாத்தீங்களா?"

"பழந்தான் குடுத்தோம்."

"கூழ் குடுங்க."

பிறகு என் பக்கம் திரும்பினாள். பேச்சைத் தயாரித்துக்கொண்டு போயிருந்தேன். அன்றைய சூழல், நிர்வாகத்தின் சதி, இயக்கத்தின் நலன் என்று மூன்று பகுதி. முதல் பகுதியின் இரண்டாவது வாக்கியத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"உங்க நோட்டீச எங்கம்மா மடிச்சுப் பைபிளுக்குள்ள வச்சிருந்துச்சு. சாகுற வரைக்கும். நான் அந்தப் பிள்ளைகளப் பத்தி எத்தன தடவ சொல்லிருப்பேன்? நம்பல. 'அச்சடிச்சதுல பொய் வருமாடி'ன்னு கேட்டுச்சு. எழுதப் படிக்கத் தெரியாத பொம்பள, பக்கத்து வீட்ல குடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுட்டு, எங்கிட்ட வந்து அதக் கேட்டுச்சு."

அச்சடித்ததில் பொய் வராது என்பதுதான் நான் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. அந்தத் தாய் என்னை நம்பியிருக்கிறாள். வெள்ளைப்பாறையில் என்னை அவ்வளவு முழுதாக நம்பியவர் வேறு யாரும் இல்லை.

"புத்தகத்திலிருந்து அந்த அறிக்கையை எடுத்துவிடுகிறேன்" என்றேன். "பெயரைத் திரும்பப் பட்டியலில் சேர்த்துவிடுகிறோம்."

"எடுத்தா? எடுத்துட்டா நான் ஒரு நோட்டீசுலயும் இல்லாதவளா ஆயிருவேன். அம்புட்டுத்தான?" அவள் அடுப்பைத் தணித்தாள். "போடுங்க. பதினாலாவதப் போடுங்க, அதுக்கு அடுத்த பக்கத்துல நெசத்தப் போடுங்க. அதுக்கு முன்னாடி கேட்ல நின்னு வாசிங்க. யாரு யாரு கையில அந்த நோட்டீசக் குடுத்தீங்களோ அவுக எல்லாரும் நிக்கணும். ஏன் போனேன்னு வாசிங்க. எப்பத் தெரிஞ்சுச்சு, ஏன் சொல்லலேன்னும் வாசிங்க. கடைசில எம் பேர வாசிங்க. நம்பர் வேணாம், பேரு."

"நீயும் வாடி" என்றாள் ரோசாலி.

"நான் வரமாட்டேன். எனக்குத் தெரிஞ்சத நான் எதுக்கு வந்து கேக்கணும்? பன்னண்டே காலுக்குப் பிள்ளைங்க தட்டத் தூக்கிட்டு வந்துரும், எந்திரிங்க."

மூக்கையா ஆட்டோவை ஊருக்குத் திருப்பினான். அவள் கேட்டதைச் செய்தால் என்னிடம் மிஞ்சப்போவது என்ன என்று யோசித்தேன். ஆலையில்லை, வழக்கில்லை, தேதி தப்பாத முப்பத்திரண்டு அறிக்கை மட்டும்தான் இருந்தது. அதைத்தான் அவள் கேட்கிறாள். கொடுக்காவிட்டால் பதினான்காவது அறிக்கை நூலகத்துக்குப் போகும், அவள் செத்த பிறகும் அவளைக் கருங்காலி என்று சொல்லிக்கொண்டே இருக்கும்.

இரண்டு நாளில் அழைப்பு போயிற்று. செத்தவர்களின் வீட்டிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள், பழனியிலிருந்தும் நத்தத்திலிருந்தும் பழைய ஆட்கள் வந்தார்கள், அன்று பின்வாசலில் அவளைப் பார்த்த இரண்டு பேரில் உயிரோடிருந்த ஒருவர் ஊன்றுகோலோடு வந்தார். துருப்பிடித்த ஆலைக் கதவின் முன்னால் அறுபத்தொரு டிவிகளையும் தலையில் சுமந்து வந்து வரிசையாக வைத்தார்கள். வயரில்லை, மின்சாரமில்லை, எல்லாவற்றிலும் அந்த முதல் வளைவு. சுடச்சுடக் கூழ் வைத்தார்கள், ஆவியில் திரைகள் மங்கின, நீர்யானை உள்ளிருந்து கண்ணாடியைத் துடைத்து எட்டிப் பார்த்தது. நீர்யானைக்கு எதிரே நின்று மூக்கையா தன் நெற்றியைத் தடவிக்கொண்டான்.

எட்டு மணிக்கு ஆட்கள் எண் சொல்லத் தொடங்கினார்கள். செத்தவர்களின் எண்ணைப் பிள்ளைகள் சொன்னார்கள். திரைகளில் அவர்களும் எழுந்து நின்றார்கள். முப்பத்தாறு என்று ரோசாலி சொன்னாள். வரிசை நின்றது. ஊரும் நின்றது, திரைகளும் நின்றன, அந்த இடைவெளிக்குள் போய் நான் நிற்க வேண்டியிருந்தது.

தாளை எடுத்து வாசித்தேன். பதினான்காவது அறிக்கையை முழுதாக, தலைப்போடு வாசித்தேன். பிறகு ஐந்து சிறுமிகளை வாசித்தேன், ஜன்னலை, காய்ச்சலை, சுவரை, பரமக்குடிப் பஸ்ஸை வாசித்தேன். அது எனக்கு மறுநாளே தெரியும் என்று வாசித்தேன். கூட்டத்தில் யாரோ "அடப்பாவி" என்றார், சத்தமாக இல்லை. ஊன்றுகோல்காரர் தரையைப் பார்த்தார். பயத்தினாலும் பெருமையினாலும் சொல்லவில்லை என்று எழுதியிருந்தேன். வாசிக்கும்போது பயத்தை அடித்துவிட்டுப் பெருமையினால் என்று மட்டும் வாசித்தேன். என் குரல் எப்போதும்போல் கணீரென்று வரவில்லை, பின்னால் நின்றவர்கள் காதில் கைவைத்துக் கேட்டார்கள்.

உட்கார்ந்தவர்களின் கோரிக்கை இதுதானா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. திரைகளை நான் பார்க்கவில்லை. கடைசி வரியில் கண் வைத்திருந்தேன். இருபத்தைந்து ஆண்டாக யாரும் சொல்லாத ஒரு பெயர் வாயில் எப்படி வரும் என்று தெரியவில்லை, உதடு அதன் முதல் எழுத்தைத் தேடியது. ரோசாலி என் முழங்கையைத் தொட்டாள். தலையை நிமிர்த்தி, கடைசி ஆளுக்கும் கேட்கும்படி வாசித்தேன்:

"சவரிமுத்து மகள் அமலோற்பவம்."